மனநலத்துக்கு எந்த பீரியட்?

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில்தான் பதின்ம வயதினரின் மனநலம் தமிழ்நாட்டுக்கு நினைவு வருகிறது. 104 உதவி எண்ணில் ஆலோசகர்கள் தயாராக அமர்த்தப்படுகிறார்கள். தேர்ச்சி பெறாத மாணவர்களின் வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் மனநல மருத்துவர்களுக்கு நாற்காலி கிடைக்கிறது. பிள்ளைகளைத் திட்டாதீர்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லப்படுகிறது. கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும் இந்தப் பேச்சு அடங்கிவிடும். அந்த நாள்களில் நடக்கும் வேலை வீண் என்று யாரும் சொல்ல முடியாது; அந்த அழைப்புகளில் ஒன்று ஓர் உயிரைக் காத்திருந்தாலே அவ்வளவு செலவும் தகும். ஆனால், மழைக்காலம் வந்ததும் டெங்குக்குப் புகை அடிப்பதைப் போல மனநலத்தையும் ஒரு பருவகால வேலையாக ஆக்கிவிட்டோம். மீதி மாதங்களில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் நாள் எப்படிக் கழிகிறது என்ற கேள்வியை எந்தத் துறையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்வதில்லை.

தேர்வு வாரத்தை மட்டும் பார்ப்பது எவ்வளவு குறைவாகப் பார்ப்பது என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களே சொல்கின்றன. 2021இல் நாடு முழுவதும் 18 வயதுக்கு உட்பட்ட 10,732 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவற்றில் தேர்வுத் தோல்வி காரணம் என்று பதிவானவை 864. அதாவது நூற்றுக்கு எட்டு. குடும்பப் பிரச்சினை என்று பதிவானவை 3,233. அடுத்த இடங்களில் காதல் விவகாரமும் (1,495) நோயும் (1,408) இருந்தன. இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு மரணத்துக்கு ஒரு காரணம் எழுதும் முறையில் திரட்டப்பட்டவை இவை. ஒற்றைக் காரணத்தால் ஓர் உயிர் போகும் என்று மனநல மருத்துவர் யாரும் ஏற்க மாட்டார். தவிர, கரோனாவால் பல பொதுத்தேர்வுகள் நடக்காமலே போன ஆண்டு அது. சரி, தேர்வுத் தோல்வியின் பங்கை இரண்டு மடங்காக்கியே கணக்கிடுவோம். அப்போதும் அது ஐந்தில் ஒரு பங்கைத் தொடாது. மிச்சமுள்ள துயரம் மே மாதத்துக்காகக் காத்திருப்பதில்லை. அப்பா குடித்துவிட்டு வரும் இரவிலும், பேச்சை நிறுத்திவிட்ட வீட்டிலும், கேலி செய்யப்படும் வகுப்பறையிலும், விடுதியின் படிப்பு நேரத்திலும் அது அன்றாடம் சேர்ந்துகொண்டே போகிறது.

உயிரிழப்பு என்பது கடைசி நிலை. அதற்கு வெகு முன்னால் நிற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை பல மடங்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3% பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் என்று கொள்ளலாம். பெருநகரங்களில் இந்த விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட முழுதாக இல்லை, முக்கால்தான் என்பது நாடாளுமன்றக் குழுவரை பேசப்பட்ட கணக்கு. அவர்களிலும் சிறார்களுக்கான சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் மிகக் குறைவு. நாளைக்கே இந்தப் பற்றாக்குறை மாயமாகத் தீர்ந்துவிட்டாலும் ஒரு பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேர ஆலோசனைதான் கிடைக்கும். வாரத்துக்கு 168 மணி நேரம். எஞ்சிய 167 மணி நேரமும் அந்த ஒரு மணி நேரத்துக்கு எதிராக வேலை செய்துகொண்டிருந்தால் எந்த நிபுணராலும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. எனவே, பதின்ம வயதினரின் மனநலப் பராமரிப்பு முதன்மையாக நடக்க வேண்டிய இடம் மருத்துவமனை அன்று. அவர்களுடைய தினசரி கால அட்டவணைதான். அதில் கை வைக்காத எந்தத் திட்டமும் சுவரொட்டியோடு நின்றுவிடும்.

இந்த வயதில் மனச்சோர்வு, பெரியவர்களிடம் தெரிவதைப் போல எப்போதும் அழுகையாகத் தெரிவதில்லை என்பதிலிருந்தே சிக்கல் ஆரம்பிக்கிறது. எரிச்சலாக, சிடுசிடுப்பாக வெளிப்படுவது வழக்கம். மருத்துவ வரையறைகளே சிறார்களிடம் துக்கத்தின் இடத்தில் எரிச்சலை ஏற்றுக்கொள்கின்றன. தலைவலி, வயிற்றுவலி, காலையில் எழுந்திருக்க முடியாமை, வீட்டுப்பாடம் முடிக்காமை, நண்பர்களை விட்டு ஒதுங்குதல் என்று அது தினசரி நடத்தைக்குள் கலந்துகிடக்கும். வீட்டில் இதற்குத் திமிர், சோம்பேறித்தனம், வயசுக்கோளாறு என்று பெயர்கள் தயாராக இருக்கின்றன. பள்ளியில் இதற்குத் தண்டனைகள் தயாராக இருக்கின்றன. வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பது, விளையாட்டு பீரியடில் உட்கார்ந்து எழுத வைப்பது, நண்பனிடமிருந்து பிரித்து வேறு பிரிவில் போடுவது, எல்லோர் முன்னிலும் மதிப்பெண்ணை வாசிப்பது, கடைசியாக ‘டிசி கொடுத்துவிடுவேன்’. தளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு உதவக்கூடியவை என்று மருத்துவம் சொல்லும் மூன்று நான்கு விஷயங்கள் உடல் அசைவு, நட்பு, தூக்கம், தன்னால் ஏதாவது முடியும் என்ற உணர்வு ஆகியவை. நம் தண்டனை முறை துல்லியமாக அவற்றைத்தான் பறிக்கிறது. தெரிந்து செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால், ஒரு நோயை வளர்ப்பதற்கென்றே யோசித்து அட்டவணை போட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகப் போட்டிருக்க முடியாது.

தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். பருவமடையும் வயதில் உடலின் உள்கடிகாரம் தாமதமாகிறது. இரவு சீக்கிரம் உறக்கம் வராது, காலையில் சீக்கிரம் விழிப்பும் வராது. 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் தன் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளியது. பிள்ளைகள் அந்த நேரத்தையும் விழித்தே கழிப்பார்கள் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். கையில் கட்டிய கருவிகளால் அளந்தபோது, மாணவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாக உறங்கியிருந்தார்கள், மதிப்பெண்ணும் குறையவில்லை. நம் ஊரில் பள்ளி மணி ஒன்பது மணிக்கு மேல்தானே அடிக்கிறது என்று கேட்கலாம். மணி அடிப்பது ஒன்பதுக்குத்தான். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் காலை ஸ்பெஷல் கிளாஸ் அதற்கு முன்னால் இருக்கிறது. அதற்கு முன்னால் பள்ளி வேன் இருக்கிறது. மாலையில் மறுபடியும் ஸ்பெஷல் கிளாஸ், பிறகு டியூஷன், பிறகு நாளைய டெஸ்ட். உண்டு உறைவிடப் பள்ளிகளில் விடியுமுன்னே ஸ்டடி தொடங்கிவிடும். இந்தக் கணக்கில் எட்டு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று எந்தத் தலைமையாசிரியராவது காட்டட்டும்.

விளையாட்டின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. பிஇடி பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று மேடையில் அமைச்சர்களே கேட்டுக்கொள்ளும் நிலைமை. இதில் பெண் பிள்ளைகளின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. வயதுக்கு வந்த நாளோடு தெரு விளையாட்டு முடிந்துவிடுகிறது. தம்பி கிரிக்கெட் மட்டையோடு கிளம்பும்போது அக்கா பாத்திரம் துலக்கப் போகிறாள். மனம் சரியில்லை என்று சொன்னால், நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்க வேண்டாமா என்ற பயத்தில் வீடு அதை மூடி மறைக்கிறது. கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்து, கயிறு கட்டி, குறி கேட்டு, அதற்கும் சரியாகாமல் மருத்துவமனைக்கு வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். கடைசிவரை வராமலே போகிறவர்களும் உண்டு.

அப்படியானால் மனநலத்துக்கென்று வாரம் ஒரு பீரியட் ஒதுக்கிவிடலாமே என்பதுதான் நிர்வாகத்துக்கு எளிதாகத் தோன்றும் தீர்வு. வாழ்க்கைத்திறன், யோகா, மூச்சுப்பயிற்சி என்று ஒரு பாடத்தைச் சேர்த்து, ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. இங்கிலாந்தில் இதை நம் ஊரைவிட ஒழுங்காகவே சோதித்துப் பார்த்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் எட்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிப் பள்ளிகளில் மட்டும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு மனக்கவனப் பயிற்சி வகுப்பு நடத்திய ‘மிரியட்’ ஆய்வின் முடிவுகள் 2022இல் வந்தன. வழக்கமான பாடத்திட்டத்தோடு நின்ற பள்ளிகளைவிட அந்தப் பள்ளிகளில் மாணவர்களின் மனநலம் மேம்படவில்லை. ஐரோப்பாவின் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு 2015இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஆபத்தில் இருக்கும் மாணவரை அடையாளம் காண ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு பிரிவு. கேள்வித்தாள் கொடுத்து நிபுணர்கள் சலித்தெடுத்தது இன்னொரு பிரிவு. மூன்றாவது பிரிவில் மாணவர்களையே உட்காரவைத்து, நடித்துக்காட்டச் செய்து, தங்கள் நெருக்கடிகளைப் பற்றிப் பேசவைத்தார்கள். ஓராண்டு கழித்துத் தற்கொலை முயற்சிகள் பாதியாகக் குறைந்திருந்தது மூன்றாவது பிரிவில் மட்டும்தான். பிள்ளைகளைக் கண்காணிக்கும் ஏற்பாடுகளைவிடப் பிள்ளைகள் பேசுவதற்கான ஏற்பாடு பலன் தந்தது.

ஐரோப்பா நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் பிஹாருக்கு வரலாம். நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டத்தைச் சோதித்த ஆய்வு 2018இல் ‘லான்செட்’டில் வெளியானது. கோவாவில் தொடங்கப்பட்ட சங்காத் அமைப்போடு சேர்ந்து மனநல ஆய்வாளர் விக்ரம் படேல் குழுவினர் நடத்தியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல் இதில் இருந்தார்கள். திட்டத்தில் தனிநபர் ஆலோசனை ஒரு பகுதிதான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பேச்சு, மாதம் ஒரு சுவர்ப் பத்திரிகை, பெயர் போடாமல் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, மாணவர் குழுக்கள், கேலியையும் அடியையும் பற்றிப் பள்ளிக்கென்று ஒரு விதி என்று பள்ளியின் அன்றாடத்தையே மெல்ல மாற்றும் வேலைகள் மற்றவை. ஒரு பகுதிப் பள்ளிகளில் இந்த வேலைகளைச் செய்ய உள்ளூரிலேயே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். இவர்கள் மனநல நிபுணர்கள் அல்லர். இன்னொரு பகுதிப் பள்ளிகளில் அதே வேலைகளை அங்கிருந்த ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். எட்டு மாதங்களில் முதல் பகுதியில் பள்ளிச் சூழல் வெகுவாக மேம்பட்டது. மனச்சோர்வும் கேலித் துன்புறுத்தலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த ஆண்டும் தொடர்ந்தபோது முதல் பகுதியில் பலன் இன்னும் கூடியது. அதே திட்டம், அதே மாவட்டம், அதே ஏழ்மை. இந்த வேலைக்கென்றே ஓர் ஆள் இருந்தாரா இல்லையா என்பதுதான் வேறுபாடு.

இந்த முடிவை ஆசிரியர்கள்மீதான குற்றச்சாட்டாகப் படிக்கக் கூடாது. எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், இலவசப் பொருள் விநியோகம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே எல்லாம் ஆசிரியர் தலையில்தான் விழுகின்றன. தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். மதிப்பெண் போடுபவரிடமும் அடிக்கும் அதிகாரம் உள்ளவராகப் பிள்ளை கருதும் ஒருவரிடமும் வீட்டுச் சங்கதியைச் சொல்லப் பிள்ளைக்குத் தயக்கம் இருப்பதும் இயல்பு. ஆகவே, மனநலத்தையும் ஆசிரியரே பார்த்துக்கொள்ளட்டும் என்ற சுற்றறிக்கை, உண்மையில் யாரும் பார்க்க வேண்டாம் என்ற சுற்றறிக்கை.

இந்த வேலைக்கென்றே ஓர் ஆளை அமர்த்துவதற்கான வாசல் தமிழ்நாட்டில் ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர்மீது சக மாணவர்கள் நடத்திய சாதி வெறித் தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அதிக மாணவர்கள் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்ற தனிப் பணியிடம் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றிய பரிந்துரை கிளப்பிய சத்தத்தில் இந்தப் பரிந்துரை யார் காதிலும் விழவில்லை. 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினைந்து வழிகாட்டுதல்களை வகுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும்; மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைக் கூடுமானவரை தனித்தனி பிரிவாக்கக் கூடாது; பலர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் அடங்கும். ஆலோசகர் பற்றிய பகுதியைத் தலைப்புச் செய்தியாக்கினோம். பிரிவாக்குவதைப் பற்றிய பகுதி அதைவிடக் கனமானது. அது கால அட்டவணையோடும் வகுப்பறையோடும் தொடர்புடையது. ‘ஏ’ செக்‌ஷனில் நல்ல மார்க், ‘டி’ செக்‌ஷனில் தேறாதவர்கள் என்று ஜூன் மாதமே முடிவுகட்டிவிட்டு, ‘டி’ செக்‌ஷன் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பதில் அர்த்தம் இல்லை.

இந்த இடத்தில் வரும் எதிர்வாதம் வலுவானது. அதை ஒதுக்கித் தள்ள முடியாது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு மதிப்பெண்ணைவிட்டால் வேறு ஏணி இல்லை; தூக்கம், விளையாட்டு, மன நிம்மதி என்பதெல்லாம் வசதியுள்ள வீடுகளின் கவலை; படிப்பு நேரத்தைக் குறைக்கச் சொல்வது ஏழைப் பிள்ளையின் காலைத் தட்டிவிடுவது என்பது அந்த வாதம். ஏணி தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால், மனச்சோர்வும் பதற்றமும் முதலில் பறிப்பது கவனத்தையும் நினைவாற்றலையும்தான். ஐந்து மணி நேரம் தூங்கிய பிள்ளையின் முன்னால் கூடுதலாக வைக்கப்படும் இரண்டு மணி நேரப் பாடம் எங்கே தங்கும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை உடைந்தால் தனியார் மருத்துவர் உண்டு, ஓராண்டு இடைவெளி எடுக்கப் பணம் உண்டு. கூலி வேலை செய்பவரின் மகன் உடைந்தால் படிப்பு நிற்கும், அவ்வளவுதான். ஆக, பளுவைக் குறைக்கும் ஏற்பாடு யாருக்கு அதிகம் தேவை என்பது இந்த எதிர்வாதம் நினைப்பதற்கு நேர்மாறானது. இதில் தமிழ்நாட்டுக்கு அனுபவமும் இருக்கிறது. பொதுத்தேர்வில் தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுதித் தேறி அதே ஆண்டு கல்லூரிக்குப் போகும் துணைத்தேர்வு முறை இங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் நடக்கிறது. சென்னையில் 1986இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், உயிர்களைக் காத்த நடவடிக்கைகளில் ஒன்றாக இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டிவருகிறார். 2017இல் மாநில ரேங்க் பட்டியல் நிறுத்தப்பட்டது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்படும் என்று 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அறிவித்தது. இவற்றில் எதிலும் மனநலம் என்ற பெயர்ப் பலகை இல்லை. தேர்வு நாள்காட்டியில் செய்யப்பட்ட திருத்தங்கள் இவை. தமிழ்நாட்டின் தரமும் இவற்றால் சரிந்துவிடவில்லை. பசியோடு வந்த பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பாமல் பள்ளி நாளுக்குள்ளேயே ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்த மாநிலத்துக்கு இந்த அணுகுமுறை புதிதும் அல்ல.

எங்கள் காலத்தில் பிரம்படி வாங்கித்தான் படித்தோம், இப்போதுதான் எல்லாவற்றுக்கும் மனநலம் என்று சொல்கிறார்கள் என்பது இன்னொரு குரல். பிரம்படி வாங்கிப் படிப்பை விட்டவர்கள் இந்த வாதத்தைச் சொல்ல மேடைக்கு வருவதில்லை. தேறி வந்தவர்கள்தான் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் செல்போன் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரவுத் தூக்கத்தை அது தின்கிறது. சண்டையும் கேலியும் வகுப்போடு முடியாமல் வாட்ஸ்அப் குழுவில் தொடர்கின்றன. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் நிறைவேற்றியிருக்கிறது. ஆனால், காலை முதல் இரவுவரை தனக்கென்று அரை மணி நேரம் இல்லாத பிள்ளை அந்த அரை மணி நேரத்தை நள்ளிரவில் போனில்தான் தேடும். மைதானத்தை மூடிவிட்டுப் போனைப் பிடுங்குவது பாதி வைத்தியம்கூட ஆகாது.

அட்டவணையை மாற்றினால் மருந்து வேண்டாம் என்று யாராவது இதைப் புரிந்துகொண்டால் அது ஆபத்து. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருத்துவரும் மருந்தும் கட்டாயம்; தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மீட்சியைக் கடினமாக்கும். ஆனால், அந்தச் சிகிச்சையும் அன்றாடத்தில்தான் தடுக்கி விழுகிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவு காலையில் இயங்குகிறது; பிள்ளைக்குப் பள்ளி போகும், அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும்; அதற்குள் தூக்கக் கலக்கம் மட்டும் முந்திக்கொண்டு வந்தால் முதல் பீரியடில் தலை சாய்ந்ததற்குத் திட்டு விழும். விடுப்புக் கடிதத்தில் காரணத்தை எழுதினால் மறுநாள் வகுப்பு முழுக்க, மனநல மருத்துவமனையைக் குறிக்கும் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற கேலி. இத்தனைக்கும் பயந்து மூன்றாவது மாதம் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளி நேரத்தில் வாரம் ஒரு மாலையை மாணவர்களுக்கென்று ஒதுக்குவது, சிகிச்சைக்கான விடுப்பைக் காரணம் கேட்காமல் வருகைப் பதிவில் சேர்ப்பது, திரும்பி வரும் பிள்ளைக்குச் சில வாரங்கள் டெஸ்டுகளில் விலக்கு கொடுப்பது ஆகியவற்றுக்குப் புதிய கட்டிடம் எதுவும் வேண்டியதில்லை. கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தால் போதும். இரவு பகல் பாராமல் இயங்கும் 14416 ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணைப் பாடப்புத்தகத்தின் அட்டையில் அச்சிடுவதும் அந்தக் கூட்டத்திலேயே முடியக்கூடிய வேலைதான்.

பணத்தைப் பற்றிய கேள்வி மிஞ்சுகிறது. பள்ளிக்கு ஒருவர் என்றால் ஆயிரக்கணக்கான பணியிடங்கள். நிதித் துறை தயங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. எல்லாப் பள்ளிகளிலும் உளவியல் முதுகலைப் பட்டதாரியை அமர்த்துவது இன்றைக்கு நடக்காது. அத்தனை பேர் படித்துவிட்டுக் காத்திருக்கவும் இல்லை. நாளந்தா ஆய்வு சொல்வதோ, நன்கு தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, மேலே ஒரு நிபுணரின் மேற்பார்வையோடு இணைத்தால் உள்ளூர்ப் பட்டதாரியே இதைச் செய்ய முடியும் என்பதுதான். பெரிய பள்ளிகளில் தொடங்கி, சிறிய பள்ளிகளுக்கு இரண்டு மூன்றுக்கு ஒருவர் என்று பகிர்ந்துகொள்ளலாம். நீதிமன்றம் கேட்கும் தகுதி பெற்ற ஆலோசகர்களை வட்டார அளவில் மேற்பார்வையாளர்களாக வைக்கலாம். ஆனால், பணியிடத்தை உருவாக்கும் அரசாணையில் சில வரிகளைத் தெளிவாக எழுதியாக வேண்டும். இவர் தலைமையாசிரியருக்குக் கட்டுப்பட்டவராக இல்லாமல் மாவட்ட மனநலத் திட்டத்துக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். பிள்ளை சொன்னதை, உயிருக்கு ஆபத்து அல்லது துன்புறுத்தல் என்ற நிலை தவிர, பள்ளிப் பதிவேட்டில் எழுதக் கூடாது. பள்ளியின் கால அட்டவணை இறுதியாகும் கூட்டத்தில் இவருக்கு ஓர் இடம் வேண்டும். எந்தப் பிரிவு எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது விளையாடுகிறது, ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதில் மறுப்புச் சொல்லும் உரிமையும் வேண்டும். கணக்கு ஆசிரியர் விடுப்பில் போன நாளில் இவரைக் காலி வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பக் கூடாது என்பதையும் எழுத்தில் சேர்க்க வேண்டும். அதை எழுதாமல் விட்டால் முதல் பருவம் முடிவதற்குள் இவரும் இன்னொரு மாற்று ஆசிரியராகிவிடுவார்.